வீட்டில் பாட்டுச் சாதகம்: தொண்டைக்கு முன்னால் காது

வாய்ப்பாட்டு கற்கத் தொடங்கும் ஒருவர் ஆசிரியருக்கு முன்னால் உட்காரும் நேரம் வாரத்துக்கு ஒரு மணி, மிஞ்சிப்போனால் இரண்டு மணி. மற்ற நாட்களில் அவரும் அவருடைய குரலும் வீட்டில் தனியாக இருக்கிறார்கள். குரல் பதப்படுவதும் கெடுவதும் பெரும்பாலும் அந்தத் தனிமையில்தான் நடக்கிறது. இருந்தும், என்ன பாட வேண்டும் என்று சொல்லித்தரும் அளவுக்கு எப்படிச் சாதகம் செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. "வீட்டில் நன்றாகச் சாதகம் பண்ணிக்கொண்டு வா" என்ற ஒரு வரியோடு வகுப்பு முடிந்துவிடுகிறது. அந்த ஒரு வரிக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்பதைக் கர்நாடக இசையின் தொடக்கப் பாடங்களை வைத்து இங்கே விளக்க முயல்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் சரளி வரிசை என்னும் முதல் ஸ்வரப் பயிற்சியில் தொடங்கியவள் நான். கீழே வரும் தவறுகளில் பலவற்றை நானும் செய்து, திருத்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

முதலில் குரல் பிறக்கும் இடத்தைப் பார்த்துவிடுவது நல்லது. குரல்வளைக்குள் எதிரெதிராக இரண்டு தசை மடிப்புகள் இருக்கின்றன. குரல்நாண்கள் என்று நாம் சொல்வது இவற்றைத்தான். ஆண்களின் நாண்கள் பெண்களுடையதைவிட நீளமானவை, ஆனாலும் ஒரு அங்குலத்தைத் தாண்டுவதில்லை. நுரையீரலிலிருந்து மேலேறும் காற்று இவற்றுக்கிடையே புகுந்து வெளியேறும்போது இவை திறந்து மூடி அதிர்கின்றன. ஒரு பெண் ஐந்து கட்டைச் சுருதியில் (கட்டை என்றால் என்ன என்பது கீழே வரும்) நடு ஸட்ஜத்தை, அதாவது ஏழு ஸ்வரங்களில் முதலான "ஸ"வைப் பிடிக்கும்போது அந்த மடிப்புகள் நொடிக்கு ஏறத்தாழ 196 முறை அதிர்கின்றன. மேல் ஸட்ஜத்துக்குப் போனால் அதைப்போல இருமடங்கு, 392 முறை. அரை மணி நேரச் சாதகத்தில் பாதி நேரம்தான் உண்மையில் குரல் ஒலித்தது என்று வைத்துக்கொண்டாலும், அந்த மெல்லிய மடிப்புகள் ஒன்றோடொன்று ஒன்றேமுக்கால் லட்சம் முறைக்கு மேல் மோதியிருக்கும். சாதகத்தில் கவனம் வேண்டும் என்று பெரியவர்கள் வற்புறுத்தியதற்கு இந்த எண்ணிக்கையே போதுமான காரணம்.

வயலின் கற்கிறவர் தன் விரல் எங்கே விழுகிறது என்று பார்க்கலாம். வீணையில் மெட்டுகள் கண்ணுக்கு நேரே இருக்கின்றன. பாடுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. 1854இல் மானுவேல் கார்சியா என்ற பாட்டாசிரியர் பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடி ஒன்றைத் தொண்டைக்குள் செலுத்தி, சூரிய ஒளியைத் திருப்பிவிட்டு, பாடும்போது தன் குரல்நாண்கள் எப்படி அசைகின்றன என்பதைத் தன் கண்ணாலேயே கண்டார். மருத்துவ உலகுக்கு அது பெரிய கொடை. ஆனால் நாண்களைக் கண்ணால் பார்ப்பதால் ஒருவருக்கும் சுருதி சேர்ந்துவிடாது. இத்தனை இழுவை, இத்தனை காற்று என்று நாம் தொண்டைக்கு நேரடியாக உத்தரவிட முடியாது. ஒரு ஒலியை மனத்தில் கேட்கிறோம், தொண்டை அதை நோக்கிப் போகிறது, வந்த ஒலியைக் காது சரிபார்க்கிறது, தொண்டை திருத்திக்கொள்கிறது. தொடக்கநிலையில் வீட்டில் செய்யும் சாதகம் முழுவதும் இந்தச் சுற்றைப் பழக்குவதுதான் என்பது என் உறுதியான கருத்து. காது தேறாமல் தொண்டையை மட்டும் உழைக்கவிட்டால் தவறே பாடமாகிவிடும். ஒரு மணி நேரம் சுருதி விலகிப் பாடியவர், சுருதி விலகுவதில் ஒரு மணி நேரப் பயிற்சி பெற்றிருக்கிறார். மறுவாரம் ஆசிரியர் அதைக் கழற்ற வேண்டியிருக்கும்.

ஆகவே முதல் வேலை சுருதி. கட்டை என்று நாம் சொல்வது ஆர்மோனியக் கட்டைகளின் வரிசை எண். வெள்ளைக் கட்டைகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை முழு எண், இடையில் வரும் கறுப்புக் கட்டைகளுக்கு ஒன்றரை, இரண்டரை என்று அரை எண். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டியும், பெண்கள் ஐந்து, ஐந்தரை, ஆறு கட்டையை ஒட்டியும் பாடுகிறார்கள். இது பொதுவான வழக்கம். ஒருவர் குரலுக்கான கட்டையை இந்த வழக்கம் தீர்மானிக்காது. நான் சேர்ந்த முதல் இணையவழி வகுப்பில் எல்லாப் பெண்களுக்கும் ஐந்தரை கட்டை என்று முதல் நாளே முடிவாகியிருந்தது. என் குரல் கனத்தது. மேல் ஸ்தாயி வரிசை (ஒரு ஸவிலிருந்து அடுத்த ஸ வரையுள்ள சுற்று ஒரு ஸ்தாயி) வந்தபோது கழுத்து நரம்பு புடைக்க, முகவாய் மேலே தூக்க, கத்திக் கத்தித்தான் அந்த ஸட்ஜத்தைத் தொட முடிந்தது. பாடி முடித்தால் இரவு வரை தொண்டையில் ஒரு எரிச்சல் இருக்கும். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார்கள். மூன்று மாதம் அப்படியே போனது. பிறகு வந்த ஆசிரியர் முதல் வகுப்பிலேயே நாலரைக்கு இறக்கினார், எரிச்சல் அந்த வாரமே நின்றது.

தனக்கான கட்டையை வீட்டில் கண்டுபிடிப்பது கடினமில்லை. சுருதிப் பெட்டியை ஒரு கட்டையில் வைத்து, நடு ஸட்ஜத்திலிருந்து மந்திர பஞ்சமம், அதாவது கீழ் ஸ்தாயியின் "ப", வரை மெதுவாக இறங்கிப் பார்க்க வேண்டும். அங்கே குரல் காற்றாகக் கரையாமல் கேட்கும்படி நிற்க வேண்டும். அதே கட்டையில் மேல் ஸட்ஜத்தைத் தோள் இறுகாமல், புருவம் ஏறாமல் பிடித்து நான்கு எண்ணும் வரை நிற்க முடிய வேண்டும். இரண்டும் நடந்தால் அதுவே இப்போதைக்கு உரிய கட்டை. பிற்பாடு குரல் விரியும்போது அரைக்கட்டை மாறலாம். உயர்ந்த சுருதியில் பாடினால்தான் கௌரவம் என்ற எண்ணம் நம்மிடம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எஸ். ஜி. கிட்டப்பா (1906–1933) போன்ற நாடக மேடைப் பாடகர்கள் உச்சக் குரலில் பாடிப் புகழ்பெற்றது ஒலிபெருக்கி பரவாத காலத்தில். கொட்டகையின் கடைசி வரிசைக்குக் குரல் போய்ச் சேர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது. எட்டடிக்குப் பத்தடி அறையில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கும் நமக்கு அந்தக் கட்டாயம் ஏதும் இல்லை.

மகரக்கட்டு வயதிலுள்ள பையன்களைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். குரல்வளை வளர்ந்து நாண்கள் நீளும் அந்தப் பருவத்தில் ஆண் குரல் ஏறத்தாழ ஒரு ஸ்தாயி இறங்கும். பழைய சுருதியைப் பிடித்துக்கொண்டு தொங்கவிடாமல், குரல் எங்கே வசதியாக நிற்கிறதோ அங்கே சுருதியை இறக்கி, குறைந்த நேரம், குறைந்த வீச்சில் பாடவைப்பதே போதும். செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) ஒத்துழைக்காத குரலை இடைவிடாத சாதகத்தால் வசப்படுத்தியவர் என்பது இசையுலகம் அறிந்தது. குரல் கட்டிக்கொண்டது என்று பையனின் பாட்டையே நிறுத்திவிடும் பெற்றோர் அதை நினைத்துப் பார்க்கலாம்.

கட்டை முடிவானதும் தம்புராவோடு சேரும் வேலை தொடங்குகிறது. தம்புராவின் நான்கு தந்திகள் பஞ்சமம், ஸட்ஜம், ஸட்ஜம், மந்திர ஸட்ஜம் என்ற வரிசையில் மீட்டப்படுகின்றன. கைப்பேசிச் செயலியும் அதையே பாவிக்கிறது. அதனோடு சேர்ந்து "ஸா" என்று பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்பதை ஒரு முறை உன்னிப்பாகக் கேட்டுவிட்டால் சுருதி என்ற சொல்லுக்குப் பொருள் விளங்கிவிடும். தம்புரா நொடிக்கு 196 அதிர்வில் ஒலிக்க, நம் குரல் 193இல் நின்றால், இரண்டும் கலந்த ஒலியில் நொடிக்கு மூன்று முறை ஒரு துடிப்பு தெரியும். ஒலி பெருகிக் குறையும், ஒரு நடுக்கம்போல இருக்கும். குரலை மயிரிழை உயர்த்தினால் துடிப்பு மெதுவாகும், இன்னும் கொஞ்சம் உயர்த்தினால் நின்றுவிடும். அந்தக் கணத்தில் நம் குரல் நமக்கே கேட்காமல் போனதுபோல் ஒரு மயக்கம் வரும். தம்புரா மட்டும் திடீரென்று பெரிதாகிவிட்டதுபோல் இருக்கும். எனக்கு அது முதன்முதலில் நேர்ந்தது ஒரு விடியற்காலையில். பாடுவதை நிறுத்திவிட்டோமோ என்று பயந்து வாயைத் தொட்டுப் பார்த்தேன். புதிய ஆசிரியர் முதல் மூன்று வாரமும் சாதகத்தின் தொடக்கத்தில் பதினைந்து நிமிடம் ஸட்ஜம் மட்டும் பிடிக்கச் சொன்னதன் காரணம் அன்றுதான் புரிந்தது.

தம்புரா இன்னொன்றையும் தருகிறது. ஒரு தந்தி அதிரும்போது அதன் அடிப்படை ஒலியோடு இருமடங்கு, மும்மடங்கு, நான்மடங்கு, ஐந்துமடங்கு அதிர்வுள்ள நுண்ணொலிகளும் எழுகின்றன. நன்றாகச் சுருதி கூட்டிய தம்புராவில், காந்தாரத்துக்கென்று, அதாவது "க"வுக்கென்று, தந்தியே இல்லாதபோதும், மந்திர ஸட்ஜத் தந்தியின் ஐந்தாம் மடங்கு அந்தர காந்தாரமாகத் தானே கேட்கும். தொடக்கப் பாடங்களுக்குரிய ராகமான மாயாமாளவகௌளையில் வருவது இதே அந்தர காந்தாரம்தான். காந்தாரம் பிடிபடவில்லை என்று வருந்துகிறவர் கண்ணை மூடி அந்தத் தந்தியின் வாலைக் கேட்டுக்கொண்டே இருந்தால் அது உள்ளேயிருந்து மிதந்து வரும். அதன்மேல் குரலை வைத்தால் போதும்.

கைப்பேசியில் இது கேட்பதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியால் தாழ்ந்த ஒலிகளை ஒழுங்காக எழுப்ப முடியாது. மந்திர ஸட்ஜம் பெயருக்குத்தான் வரும். ஒரு சிறிய புளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் இயர்போனின் ஒரு பக்கத்தை மட்டும் காதில் வைத்து, மற்ற காதைத் தன் குரலுக்குத் திறந்து வைக்கலாம். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாடினால் குரலின் பாதி விவரம் போய்விடும். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், சமையலறைக் கதவைச் சாத்த வேண்டும். சுற்றியிருக்கும் இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மை அறியாமல் குரலை உயர்த்துகிறார்கள். 1911இல் எத்தியேன் லொம்பார்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் இதைக் கவனித்து எழுதினார், அவர் பெயராலேயே இந்த இயல்பு அறியப்படுகிறது. மிக்ஸி ஓடும் வீட்டில் பாடுகிறவர் தான் கத்துகிறோம் என்பதை உணரமாட்டார், மாலையில் தொண்டை உணர்த்தும்.

இனி வரிசைகளுக்கு வருவோம். சரளி, ஜண்டை, தாட்டு வரிசைகள், அலங்காரங்கள் என்று இந்தப் படிகளை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது மரபு. அவற்றுக்கு ராகமாக மாயாமாளவகௌளை அமைந்திருப்பதில் பெரிய நுட்பம் இருக்கிறது. ஸட்ஜம் 196 என்று கொண்டால், சுத்த ரிஷபம் ஏறத்தாழ 209, அந்தர காந்தாரம் 245, சுத்த மத்யமம் 261. ஸட்ஜத்தை ஒட்டி ரிஷபம், அங்கிருந்து ஒரு பெரிய தாண்டல், மறுபடி ஒட்டி மத்யமம். பஞ்சமத்திலிருந்து மேலே ஏறும்போதும் இதே அமைப்புத்தான்: பஞ்சமத்தை ஒட்டித் தைவதம், தாண்டி நிஷாதம், ஒட்டி மேல் ஸட்ஜம். "ஸரிகம" எப்படியோ அப்படியே "பதநிஸ". கீழ்ப்பாதியைக் கற்ற காது மேல்பாதியைத் தானே எதிர்பார்க்கத் தொடங்கும். கீழ்ப்பாதியில் செய்யும் தவறு மேல்பாதியிலும் திரும்ப வந்து காட்டிக்கொடுக்கும். தொடக்கநிலையினர் பெரும்பாலும் தவறுவது நெருங்கிய இடங்களில்தான். ரிஷபத்தை ஸட்ஜத்திலிருந்து தள்ளி மேலே வைத்துவிடுவார்கள். பெரிய தாண்டலில் காந்தாரத்துக்குப் போதிய உயரம் கொடுக்கமாட்டார்கள். நிஷாதம் தொய்ந்து, அதன் பிறகு வரும் மேல் ஸட்ஜமும் சேர்ந்து தொய்யும். வீட்டில் உட்கார்ந்து "ஸ ரி ஸ", "ஸ் நி ஸ்" என்ற இரண்டு சிறு அசைவுகளை மட்டும் பத்து நிமிடம், தம்புராவை விடாமல், ஒவ்வொரு ஸ்வரத்திலும் நின்று நின்று பாடிப் பார்ப்பது, பதினான்கு சரளி வரிசைகளையும் ஓட்டமாகப் பாடி முடிப்பதைவிட அதிகம் பயன் தரும் என்று அனுபவத்தில் சொல்கிறேன்.

வேகத்தைப் பற்றி இதோடு சேர்த்துத்தான் பேச வேண்டும். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கையில் முதல் காலத்தில் எண்ணிக்கைக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் போடும் கையின் வேகம் மூன்று காலத்துக்கும் மாறக் கூடாது. வீட்டில் தனியாகப் பாடும்போது கைதான் முதலில் ஓடும். முதல் காலத்தின் நிதானம் பொறுக்காமல் தாளம் மெல்ல மெல்ல விரைந்து, மூன்றாம் காலம் வரும்போது மூச்சும் ஸ்வரமும் ஒன்றாக நசுங்கிப்போகும். அந்த வேகத்தில் எந்த ஸ்வரம் தன் இடத்தில் விழுந்தது என்பதைக் காது பிரித்தறிய வழியில்லை. காது பின்தங்கினால் மேலே சொன்ன சுற்று அறுந்துவிடுகிறது. கைப்பேசியில் மெட்ரோனோம் வைத்து, நிமிடத்துக்கு அறுபது தட்டில் முதல் காலம் பாடிப் பார்த்தால் நாம் எவ்வளவு அவசரப்படுகிறோம் என்று தெரியும். முதல் மூன்று மாதம் மூன்றாம் காலத்தைத் தொடாமலே இருந்தாலும் இழப்பு எதுவும் இல்லை. முதல் காலத்தில் எட்டு எண்ணிக்கையும் குரல் அசையாமல் நிற்கிறவருக்கு இரண்டாம் காலம் அதிகப் பாடு இல்லாமலே வரும்.

மூச்சைப் பற்றிப் புதியவர்களுக்குக் கிடைக்கும் அறிவுரை "அடிவயிற்றிலிருந்து பாடு" என்பது. காற்று வயிற்றில் இல்லை, நுரையீரலில்தான் இருக்கிறது. அதனால் இந்த அறிவுரை சிலரைக் குழப்புகிறது, சிலரை வயிற்றை இறுக்கிக்கொள்ளவும் வைக்கிறது. நுரையீரலுக்குக் கீழே குடைபோல் விரிந்திருக்கும் உதரவிதானம் மூச்சிழுக்கும்போது கீழே இறங்குகிறது, அதனால் வயிறு முன்னே வருகிறது, கீழ் விலா எலும்புகள் பக்கவாட்டில் விரிகின்றன. பாடும்போது அந்தக் காற்று ஒரேயடியாக வெளியேறாமல் வயிற்றுத் தசைகளும் விலாத் தசைகளும் சேர்ந்து மெல்ல மெல்ல விட்டுக்கொடுக்கின்றன. அந்த விட்டுக்கொடுத்தலைத்தான் பெரியவர்கள் அடிவயிறு என்று சுருக்கிச் சொன்னார்கள். சம்மணமிட்டு முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, ஒரு கையை வயிற்றின்மீதும் மறு கையை நெஞ்சின்மீதும் வைத்துக்கொண்டு மூச்சிழுத்தால், எந்தக் கை எழுகிறது என்று தெரிந்துவிடும். தோளும் நெஞ்சும் மட்டும் ஏறினால் மூச்சு மேலோட்டமானது. பிறகு "ஸ்" என்று சீறும் ஒலியை ஒரே சீராகப் பதினைந்து, இருபது நொடி விட்டுப் பழகலாம். தொண்டைக்கு வேலை கொடுக்காமல் காற்றை மட்டும் அளந்து விடும் பயிற்சி இது. மூச்சு முற்றிலும் தீரும் வரை ஒரு கார்வையை, அதாவது ஒரே ஸ்வரத்தின் நீட்டலை, இழுப்பது வீரமாகத் தோன்றும், ஆனால் கடைசித் துளிக் காற்றில் தொண்டை இறுகித்தான் ஒலி வரும். கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும்.

ஸ்வரப் பெயர்களோடு பாடிப் பழகிய வரிசையை "ஆ" என்று அகாரத்தில் பாடுவது அடுத்த படி. ஸரிகம என்ற எழுத்துகளின் மெய்யொலிகள் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு விளிம்பு போட்டுக் கொடுக்கின்றன. அகாரத்தில் அந்த விளிம்புகள் இல்லை, குரல் ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவது அப்பட்டமாகத் தெரியும். முதல் முறை அகாரம் பாடும்போது, எல்லாம் தெரியும் என்று நினைத்த வரிசை அவிழ்ந்து விழுவது எல்லோருக்கும் நேர்வது. வாயை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, தாடையைத் தளரவிட்டு, மிக மெதுவாகப் பாட வேண்டும். ஜண்டை வரிசையிலோ இதற்கு நேர்மாறான தேவை: "ஸஸ ரிரி கக மம" என்ற இரட்டைகளில் இரண்டாவது ஸ்வரத்துக்கு ஓர் அழுத்தம் வேண்டும். அதை வயிற்றின் சிறு உந்தலால் கொடுக்க வேண்டும். தாடையை ஆட்டிக் கொடுப்பது எளிது, ஆனால் அந்தப் பழக்கம் பிற்பாடு பிர்கா என்னும் விரைந்த ஸ்வரக் கோவைகளிலும் தொடர்ந்து, விரைந்த இடங்களில் தலையே ஆடத் தொடங்கும். ஒரு கண்ணாடி முன்னால் உட்கார்ந்து ஜண்டை பாடினால் இந்த ஒன்றைக் கண்ணாலேயே திருத்திக்கொள்ளலாம்.

ஒலிப்பதிவு இல்லாமல் வீட்டுச் சாதகம் முழுமையாகாது. நம் குரல் நமக்கு இரு வழியில் கேட்கிறது, காற்றின் வழியாகவும் மண்டை எலும்பின் வழியாகவும். எலும்பு வழி வரும் ஒலி தாழ்ந்த அதிர்வுகளைக் கூட்டிக் காட்டுவதால் நம் குரல் நமக்குக் கனமாக, நிறைவாகக் கேட்கிறது. பதிவில் கேட்கும்போது "இதுவா என் குரல்" என்று கூசுகிறோம். அந்தக் கூச்சம் ஒரு வாரத்தில் போய்விடும். பதிவின் பயன் அதன் பிறகுதான் தொடங்கும். வாரத்துக்கு ஒரு நாள், ஒரே வரிசையை, ஒரே கட்டையில், தம்புராவோடு ஒரு நிமிடம் பதிந்து வைத்தால் போதும். கேட்கும்போது "நன்றாக இருக்கிறதா" என்ற பொதுக் கேள்வியைத் தள்ளிவைத்துவிட்டு, ரிஷபம் எங்கே நிற்கிறது, நிஷாதம் தொய்கிறதா, எந்த இடத்தில் மூச்சு எடுத்தேன் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். என் பதிவுகளில் இறங்கும்போது வரும் நிஷாதம் மட்டும் ஏறும்போது வந்ததைவிடத் தாழ்ந்திருந்ததை நான் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. பாடும்போது ஒரு நாள்கூட அது எனக்குக் கேட்டதில்லை.

எவ்வளவு நேரம், எப்போது என்று எல்லோரும் கேட்கிறார்கள். தொடக்கநிலையில் ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் பாடுவதைவிட அன்றாடம் இருபத்தைந்து, முப்பது நிமிடம் பாடுவது நல்லது. கற்றது தூக்கத்திலும் இடைவெளியிலும் படிகிறது, குரல்நாண்களுக்கும் ஓய்வு கிடைக்கிறது. விடியற்காலைச் சாதகம் என்ற பழைய வழக்கத்துக்கு அமைதியைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு. தூங்கி எழுந்ததும் குரல் சற்றுத் தாழ்ந்து, கனத்து இருக்கும். மந்திர ஸ்தாயியில் நின்று பழக அது ஏற்ற நேரம். அந்த வேளையில் மேல் ஸட்ஜத்துக்கு எட்டிப் பிடிக்கப் போவது குரலைத் துன்புறுத்தும். மேல் ஸ்தாயி வரிசையை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடுக்குமாடி வீடுகளில் விடியற்காலையில் பாடுவதற்கு அண்டை வீட்டாரை நினைத்துக் கூச்சம் வரும். கூச்சத்தில் பலர் காற்று கலந்த தணிந்த குரலில், ஏறத்தாழ முணுமுணுப்பாகப் பாடுகிறார்கள். மாதக்கணக்கில் இப்படிப் பாடினால் நாண்கள் முழுதாக மூடாத அந்த ஒலியே குரலாகிவிடும். சத்தம் குறைவாக இருக்க வேண்டிய வேளையில் வாயை மூடி "ம்" என்று முனகிப் பாடுவது நல்ல மாற்று. ஒரு குவளையில் இரண்டு விரற்கடை நீர் ஊற்றி, அதில் ஸ்ட்ரா வைத்துக் குமிழி வரும்படி சரளி வரிசையின் மெட்டை ஊதுவது இன்னொன்று. வாய்ப்பகுதி குறுகும்போது காற்றழுத்தத்தின் ஒரு பகுதி நாண்களை நோக்கித் திரும்பி அழுத்துவதால், அவை கடுமையாக மோதாமலே நன்றாக அதிர்கின்றன. குரல் பயிற்சியாளர்களும் பேச்சு மருத்துவர்களும் பல நாடுகளில் பயன்படுத்தும் முறை இது. ஐந்து நிமிடம் இதைச் செய்துவிட்டுப் பாடத் தொடங்கினால் குரல் இளகியிருப்பதை உணரலாம்.

தொண்டைக்கு வேண்டிய மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடிக்கும் வெந்நீர் குரல்நாண்களைத் தொடுவதில்லை, அது உணவுக்குழாய் வழியே போகிறது. நீரின் பயன் உடம்பு முழுவதும் ஈரமாக இருப்பதால் வருவது, ஆகவே பாடுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் குடிப்பதைவிட நாள் முழுவதும் குடிப்பதே உதவும். அதிமதுரம், சித்தரத்தை, பனங்கற்கண்டு ஆகியவற்றை வாயில் அடக்கினால் உமிழ்நீர் ஊறித் தொண்டை இதமாகும். ஆனால் அந்த இதத்தை நம்பி வலிக்கும் தொண்டையோடு பாடக் கூடாது. அடிக்கடிக் கனைப்பது நாண்களை அறைகிறது. ஒரு மடக்கு நீர் குடித்து விழுங்குவது மேல். குரல் கம்மிய நாளில் கிசுகிசுப்பாகப் பேசுவது ஓய்வாகாது, பேசாமல் இருப்பதே ஓய்வு. கம்மல் மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

திரைப்பாட்டு பாட ஆசைப்பட்டே பலர் பயிற்சிக்கு வருகிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் கரோக்கி ஓடவிட்டோ மூலப்பாட்டோடு சேர்ந்தோ பாடுவதைச் சாதகம் என்று கணக்கில் வைக்கக் கூடாது. அந்தப் பாட்டின் சுருதி அதைப் பாடிய பின்னணிப் பாடகரின் குரலுக்காக வைக்கப்பட்டது. கூடவே ஒலிக்கும் குரலும் வாத்தியங்களும் நம் பிழைகளை மூடிவிடுகின்றன, காதுக்கு வேலையே இல்லாமல் போகிறது. அதே பாட்டின் பல்லவியை மட்டும் நம் கட்டைக்கு மாற்றி, தம்புராவை மட்டும் வைத்து, பாதி வேகத்தில் பாடினால் அதுவும் நல்ல பாடம்தான்.

சாதகத்தின் கடைசி இரண்டு நிமிடத்துக்கு ஒரு சோதனையை வைத்துக்கொள்ளலாம். முதல் சரளி வரிசையைத் தம்புராவோடு தொடங்கி, பாதியில் ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு, மிச்சத்தைப் பாடி ஸட்ஜத்தில் வந்து நின்று, குரலை விடாமலே ஒலியைத் திரும்பக் கூட்ட வேண்டும். தம்புரா மேலேறி வரும்போது துடிப்பு கேட்கிறதா, கேட்டால் நாம் கீழே இருக்கிறோமா மேலே இருக்கிறோமா என்று பார்த்து, அதைத் தேதியோடு நோட்டில் ஒரு சொல்லில் எழுதி வைக்க வேண்டும். என் நோட்டில் முதல் இரண்டு மாதமும் பெரும்பாலும் "கீழே" என்றே இருக்கிறது. நான்காம் மாதத்தில் ஒரு வாரம் முழுக்க வெறும் கோடு போட்டிருக்கிறேன், எழுத ஒன்றும் இருக்கவில்லை. அந்த நோட்டையும் நான்கு மாதப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு போனபோதுதான் ஆசிரியர் வரிசைகளைத் தாண்டி, சொற்களோடு வரும் எளிய பாட்டான முதல் கீதத்தைத் தொடங்கினார்.